மருமகன் சுட்ட பாண்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிக்கிறவன் பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. அவன்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது, அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளுடைய வாப்பா அதற்கு அத்திவாரம் போட்டிருப்பார். மாப்பிள்ளை ஒரு சூட்கேஸையும் கொஞ்சம் வெட்கத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, முன் ஹோலில் இருக்கிற நல்ல கதிரையில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அவனை எழும்பச் சொல்வதற்கு அந்த வீட்டில் யாருக்கும் மனம் வராது.

கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்குள் நானும் அப்படித்தான் வந்தேன். வந்த கொஞ்ச நாளில் கட்டாருக்குப் போய்விட்டேன். பிறகு லீவில் வருவேன், ஒரு மாதம் இருப்பேன், திரும்பிப் போவேன். அந்த ஒரு மாதமும் மீனில் நடுத்துண்டு எனக்கு. குளித்துவிட்டு வந்தால் துவாய் கதவில் தொங்கும். தேத்தண்ணி நான் நினைப்பதற்கு முன்னால் வந்துவிடும். ஒரு மாதத்துக்கு இது நன்றாகத்தான் இருந்தது. ஹோட்டலில் ஒரு மாதம் தங்கியவன் ஹோட்டலைக் குறை சொல்ல மாட்டான்.

பிறகு நான் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த கம்பனி ஆட்களைக் குறைத்தது. நானும் குறைக்கப்பட்டேன். இனிமேல் போவதில்லை என்று வந்து இறங்கிய முதல் வாரத்தில் வழக்கம்போல நடுத்துண்டு வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது. நான் திரும்பிப் போகப்போவதில்லை என்பது மீனுக்குத் தெரியாமல் இருக்கலாம், வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் என்னை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மகள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இருவரும் காலையில் போய்விட, நான் நல்ல கதிரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பல்ப் மாற்றலாம் என்று எழும்பினால்கூட யாரோ ஓடிவந்து ஏணியை வாங்கிக்கொள்வார்கள்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா மௌத்தான பிறகு மாமி எங்களோடு இருக்கிறார். சரியாகச் சொன்னால் நாங்கள்தான் மாமியோடு இருக்கிறோம். மாமி என்னிடம் நேரடியாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஊரில் மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்கக் கூச்சப்படுகிற மாமிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் மாமி குழம்புச் சட்டியோடு குசினி வாசல் திரைக்குப் பின்னால் நிற்பார்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் வெக்கட்டா என்டு கேளு மகள்" என்பார்.

மனைவி என் பக்கம் திரும்பி, "உம்மா இன்னும் ஆணம் வெக்கட்டாம்" என்பாள்.

"போதும்."

"போதுமாம்" என்று மனைவி திரையிடம் சொல்வாள்.

மூன்று பேருக்கும் தமிழ்தான் தாய்மொழி. மனைவி இல்லாவிட்டால் மகள் இந்த வேலையைச் செய்வாள். மகளும் இல்லாவிட்டால் மாமி அடுப்பைப் பார்த்து, "தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கு" என்பார். நான் கொஞ்சம் பொறுத்துப் போய் எடுத்துக் குடிப்பேன்.

மாமிக்கு முழங்கால் வருத்தம். பலகையில் குந்திவிட்டு எழும்புவதென்றால் சுவரைப் பிடிக்க வேண்டும். குசினிச் சுவரில் அவர் கை படுகிற இடம் தனியாகக் கறுத்திருந்தது. இந்த முழங்காலோடு சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி எனக்குப் புட்டு அவிப்பார். மனைவியும் மகளும் ஓட்டோவில் விற்க வருகிற பேக்கரிப் பாணைத் தின்றுவிட்டுப் போகிறவர்கள். புட்டு எனக்கு மட்டும்தான். எனக்கும் பாண் போதும் என்று மனைவி மூலம் சொல்லியனுப்பினேன். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மருமகனுக்குக் கடப்பாண் குடுத்தா ஊரு என்ன சொல்லும்."

ஊர் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. ஊரே காலையில் கடைப்பாண்தான் தின்கிறது. ஆனால் மாமியோடு வாதாட வேண்டுமானால் அதற்கும் மனைவிதான் நடுவில் நிற்க வேண்டும், அவளுக்குப் பள்ளிக்கூடம் போக நேரமாகிவிடும். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடைப்பாண் கொடுப்பது மரியாதைக் குறைவு. சரி. வீட்டிலே சுட்ட பாண் மரியாதைக் குறைவு இல்லையே. நான் பாண் சுட்டால் மாமி காலையில் படுக்கலாம், நானும் அந்த வீட்டில் ஏதோ ஒன்றைச் செய்கிறவன் ஆவேன். இரண்டில் எது எனக்கு முக்கியமாக இருந்தது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஒவன் இருந்தது. நான் கட்டாரிலிருந்து அனுப்பியது. அதற்குள் சட்டி மூடிகளும் பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற பீங்கான்களும் குடியிருந்தன. நான் அதைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மாமி அத்தனையையும் வெளியே எடுத்து வைத்தார். பிறகு நான் குசினிக்குள் வந்ததும் அவர் பின் விறாந்தைக்குப் போய்விட்டார். மருமகன் நிற்கிற இடத்தில் மாமி குந்திக்கொண்டிருக்க முடியாது. ஆக, என் பாண் செய்த முதல் வேலை மாமியை அவருடைய குசினியிலிருந்து எழுப்பியதுதான்.

பாண் சுடப் படிப்பித்தவர் போன் வீடியோவில் வருகிற ஒரு வெள்ளைக்காரப் பெண். கம்பளிச் சட்டை போட்டிருப்பார். அவருடைய குசினி ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். மாவைப் பிசைந்து முடித்ததும் வீட்டிலே இருக்கிறதில் சூடான இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார். அவருக்கு அது தேட வேண்டிய இடம். எங்கள் ஊரில் சூடில்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். ஆனால் படிக்க வந்தவன் வாத்தியார் சொன்னதைத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்து, தண்ணித் தாங்கியின் கொங்கிறீட் மூடியில், நல்ல வெயிலில், மா இருந்த பேசினை ஒரு துணியால் மூடி வைத்துவிட்டு லுஹர் தொழப் போனேன்.

திரும்பி வந்தபோது மா பேசினை விட்டு இறங்கியிருந்தது. தாங்கியின் பக்கவாட்டில் பாதி தூரம் வந்து நின்றது. ஆனால் மாவை விட மணம்தான் பெரிய பிரச்சினை. கோமாரிப் பக்கத்தில் தென்னந்தோட்டங்கள் ஊடாகப் போகும்போது கள்ளு இறக்குகிற இடத்தில் வருமே, அதே மணம். ஐந்து நேரமும் தொழுகிற வீடு. முன்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டது. மாமி அடுப்பிலிருந்து தணலை எடுத்துச் சட்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, வளவைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். தாங்கிக்குக் கீழே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்.

பிறகு ஒரு ஒழுங்குக்கு வந்தேன். சுபஹுக்கு முன் மாவைப் பிசைந்து குசினியில் மூடி வைப்பேன். பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, தேத்தண்ணிக் கடையில் கூட்டாளிமாரோடு வெளிச்சம் வரும்வரை இருந்துவிட்டு வந்தால் மா பொங்கியிருக்கும். அச்சில் போட்டு ஒவனில் வைப்பேன். மனைவியும் மகளும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம் பாண் மேசைக்கு வரும்.

முதல் பாணை வெட்டக் கத்தி போதவில்லை. தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்தோம். மனைவி ஒரு துண்டைச் சம்பலோடு வாயில் வைத்து, மென்று, தண்ணி குடித்து, மீண்டும் மென்றாள்.

"நல்லாரிக்கி" என்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார். "பாண் நல்லா வந்திரிக்கி என்டு அவருக்குச் சொல்லு மகள்."

மகள் "மாஷா அல்லாஹ்" என்றாள். கலியாண வீட்டில் பெரிய மனுசிகள் சொல்கிற தொனியில் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்படியே நாட்கள் போயின. நான் தினமும் பாண் சுட்டேன். தினமும் நன்றாக இருந்தது. கருகிய நாளில் மொறுமொறுப்பாக இருந்தது. வேகாத நாளில் மெத்தென்று இருந்தது. உப்புப் போட மறந்த நாளில், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் இப்படித்தான் தின்ன வேண்டும் என்று டொக்டர்மார் சொல்வதாக மனைவி சொன்னாள். ஒவ்வொருவரும் ஒரு சின்னத் துண்டுதான் எடுப்பார்கள். அளவாகச் சாப்பிடுகிற குடும்பத்தில் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் மத்தியானத்துக்குள் முழுப் பாணும் முடிந்துவிடும். மேசையில் ஒரு கோப்பையில் புட்டும் மூடியிருக்கும். மருமகனுக்கு ஒரு கை புட்டு இருக்கட்டும் என்று மாமி சொன்னதாக மனைவி சொல்வாள். அதையும் நான் தின்பேன். பாணுக்கும் புட்டுக்கும் இடையில் நான் கொஞ்சம் கொழுத்தேன்.

தேத்தண்ணிக் கடையில் இருந்தபடியே இன்னொன்றையும் கவனித்தேன். பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட வந்ததும் பாட்டு நின்றுவிடும். முந்தி அப்படி இல்லை. என் பாணால் இந்த ஒழுங்கையில் அவனுடைய வியாபாரம் படுத்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். பாவமாக இருந்தது. ஒரு நாள் சந்தையில் அவனைக் கண்டபோது, மனம் கேட்காமல், நற்பிட்டிமுனைப் பக்கம் போய்ப் பார்த்தால் என்ன, அங்கே நல்ல வியாபாரம் இருக்கலாம் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவன் என்னைக் கனநேரம் பார்த்தான். "ஓம் காக்கா, யோசிக்கிறன்" என்றான்.

மாரி மழை பிடித்தது. ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால் தேத்தண்ணிக் கடை திறக்கவில்லை, முன் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணி. குடையைப் பிடித்துக்கொண்டு பின் ஒழுங்கையால் சுற்றி வந்தேன். எங்கள் பின் கேற்றடியில் பாண் ஓட்டோ நின்றது. பாட்டு இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. சந்தியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். கேற்றுக்குள் மாமி நின்று அவனிடம் அச்சுப் பாணை வாங்கிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் மாமி பாணை முக்காட்டுக்குள் இழுத்தார். பாண்காரன்தான் முதலில் சுதாரித்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா."

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

பிறகு பழக்கத்தில், "பனிஸ் ஏதும் எடுக்கிறீங்களா?" என்றான்.

"வேணாம்" என்றேன்.

அவன் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனான். மாமி திரும்பி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். முழங்காலால் ஒவ்வொரு அடியும் மெதுவாக. நான் அவரை முந்திப் போவது சரியில்லை. பக்கத்தில் சேர்ந்து நடப்பதும் எங்களுக்குள் வழக்கமில்லை. ஆகவே அவர் பின் படியில் ஏறும் வரைக்கும் கேற்றடியிலேயே நின்றேன். மழை அவர் மேல் பெய்துகொண்டிருந்தது. குடை என் கையில் இருந்தது. அதை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரு வீட்டுச் சோற்றைத் தின்றவனுக்கு அந்த வீட்டு மனுசிக்கு ஒரு குடையைப் பிடிக்கத் தெரியவில்லை என்பது அன்றைக்கு என்னை நன்றாகச் சுட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் தன்பாட்டில் விளங்கியது. நான் பள்ளிவாசலில் இருக்கிற நேரம் அவர்கள் கடைப்பாணைத் தின்று முடித்துவிடுகிறார்கள். பிறகு நிறைந்த வயிற்றோடு மேசைக்கு வந்து என் பாணில் ஒரு துண்டு. பக்கத்து வளவு ஆடு கொஞ்ச நாளாக எங்கள் குசினிக்குப் பின்னால் வந்து காத்து நிற்பது ஏன் என்றும் தெரிந்தது. மாமி எனக்காக முந்தி புட்டு மட்டும்தான் அவித்தார். இப்போது முன்னையை விடவும் நேரத்தோடு எழும்பி, பாண்காரனைப் பார்த்து நின்று, பாணை மறைத்து, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்து, புட்டும் அவித்து, ஆட்டுக்கும் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் படுக்க வைக்கத்தான் நான் பாண் சுட வெளிக்கிட்டேன்.

மறுநாளும் பாண் சுட்டேன். மறுநாளும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத் தெரியும் என்று மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். "பாண் நல்லாரிக்கி என்டு சொல்லு மகள்" என்ற குரல் அன்றைக்கும் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. எனக்குக் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரன் என்றால் அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வார்கள். மனைவிக்குச் சொல்கிறார்கள், மகளுக்குச் சொல்கிறார்கள், ஆட்டுக்கே நேரடியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் மாஷா அல்லாஹ். யாராவது ஒருவர் இந்த வீட்டில் உண்மை பேசத் தொடங்க வேண்டும், அது நானாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் காலை புட்டு உண்மையிலேயே கொஞ்சம் காய்ந்திருந்தது. மனைவியிடம், திரைக்குக் கேட்கிற மாதிரி, "இண்டைக்கிப் புட்டு கொஞ்சம் காஞ்சிட்டு" என்றேன். சாதாரணமாக, எந்த வீட்டிலும் எந்தப் புருசனும் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு ஒரு திருப்தியோடு எழும்பிக் கை கழுவினேன்.

மகள் என்னைப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மத்தியானம் மேசைக்கு இறால் வந்தது, கோழி வந்தது, மீன் பொரியலும் மீன் ஆணமும் வந்தன, வட்டிலப்பமும் வந்தது. யாருக்கும் பெருநாள் இல்லை. மனைவி பள்ளிக்கூடத்தால் வந்ததும் என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"என்ன வேலை பாத்தீங்க. உம்மா காலையில இருந்து அழுதிட்டிரிக்கா."

"நான் புட்டுக் காஞ்சிட்டு என்டுதானே சொன்ன."

"ராத்தாட மாப்பிள்ளையும் இப்பிடித்தான் துவங்கின."

அவளுடைய மூத்த சகோதரியின் கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாள். எங்கள் கலியாணத்துக்கு முந்தி நடந்தது. அந்த மருமகன் ஒரு நாள் சந்தையிலிருந்து மீன் கொண்டுவந்திருக்கிறார். மாமி அப்போதெல்லாம் நன்றாகக் கதைக்கிறவராம். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மகன், இது பழசு" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் இரண்டு நாளாகச் சோறு குழைந்துவிட்டது, தேத்தண்ணி ஆறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் சேட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பெரியாட்கள் போய்க் கதைத்தும் சரிவரவில்லை. கடைசியில் ராத்தாவையும் பிள்ளைகளையும் கொழும்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ராத்தாவுக்கென்று கட்டின வீடு பூட்டிக் கிடக்கிறது. ராத்தா பெருநாளைக்கு வந்தால் வந்தாள்.

"அதுக்குப் பொறகு உம்மா மருமகன்மாரோட வாயே திறக்கிறல்ல" என்றாள் மனைவி. "நீங்க பாண் சுடத் துவங்கினதும் உம்மா எங்கள எல்லாரையும் இருத்தி வெச்சிச் சொன்ன. அவர்ட கையால வந்தத ஆரும் ஒரு சொல்லுச் சொல்லப்படா என்டு."

ஊர் வழக்கம் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாதிதான் ஊர் வழக்கம். மீதி என்னைப் பார்த்த பயம். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. கட்டாரில் களஞ்சியத்துப் பூனைகூட என்னைக் கண்டு விலகியதில்லை. மனதுக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெரிய மாமா வந்தார். மாமி காக்கா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன், குடும்பத்தில் பிணக்குத் தீர்க்கிறவர். ஒரு கையில் எருமைத் தயிர் முட்டி, மறு கையில் வாழைப்பழச் சீப்புகள். மாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். விருந்தாளி வந்திருக்கிறார் என்று நான் சாரனுக்கு மேலே ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் அந்தச் சேட்டைப் பார்த்தார். கதவு நிலையில் நின்ற மனைவியும் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் வயல் வட்டையில் தண்ணி நிற்பதைப் பற்றிக் கதைத்தார். விதைத்த நெல் அழுகப் பார்க்கிறது என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மகன், புட்டுப் பிரச்சின ஒண்டு கேள்விப்பட்டன்."

"பிரச்சின ஒண்டுமில்ல மாமா. கொஞ்சம் காஞ்சிருந்த, அவ்வளவுதான்."

"மா வறுத்தது கூடிட்டாம். தங்கச்சி ஒத்துக்கொள்ளுறா. இனி அப்பிடி நடக்காது." பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு விசாரணையை முடித்து வைப்பதுபோலச் சொன்னார். பிறகு மெதுவாக, "சேட்டுப் போட்டிரிக்கீங்க. எங்கயும் போறீங்களா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குசினித் திரைக்குக் கீழே மாமியின் கால் தெரிந்தது. பெரிய மாமாவுக்குச் சொல்கிற மாதிரி, அந்தக் காலுக்குச் சொன்னேன்.

"நான் எங்க மாமா போற? எங்கட உம்மாட ஊட்ட என்ட தங்கச்சிக்குக் குடுத்தாச்சு. அங்க இப்ப தங்கச்சிட மாப்பிள்ள இரிக்காரு. நடுத்துண்டு அவருக்கு. நான் போனா எனக்கும் ஒரு நல்ல கதிர போடுவாங்க. கட்டாரில கம்பனி ரூம். இஞ்ச விருந்தாளி. அங்கயும் விருந்தாளி. ஒரு ஊட்டுலயாவது ஊட்டு மனிசனா இரிக்கணும் என்டுதான் இந்தப் பாணச் சுடுற. அது நல்லமா கூடாதா என்டுகூட எனக்கு ஆரும் சொல்றாங்க இல்ல."

சொல்லி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. பெரிய மாமா இதை எதிர்பார்க்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் இல்லை. "எங்க, அந்தப் பாணக் கொண்டு வாங்க" என்றார். மனைவி அன்றைக்கு ஆட்டுக்குப் போகாமல் காலையில் மிஞ்சியதைக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய மாமா ஒரு துண்டை எடுத்தார். தேத்தண்ணியில் தோய்த்தார். தேத்தண்ணி அதற்குள் போகவில்லை. வாயில் போட்டு மென்றார். நெடுநேரம் மென்றார். அவருக்கு வயது போனது, பல் குறைவு. நாங்கள் எல்லோரும் அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் விழுங்கினார்.

"நல்ல பாண்" என்றார்.

"பொய் சொல்லாதீங்க காக்கா."

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பிறகு திரை விலகி மாமி வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரில் ஒரு கையை வைத்து நின்றார். பழக்கத்தில் மனைவியின் பக்கம் திரும்பி, "அவருக்குச் சொல்லு மகள்" என்று தொடங்கினார். மனைவி நிலத்தைப் பார்த்தாள். மாமி நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் மாமியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். என் மனைவிக்கு வயது போனால் அப்படித்தான் இருப்பாள்.

"மகன்" என்றார். "இந்தப் பாண மனிசன் தின்னேலா."

"ஓம் மாமி."

"ஆடுதான் தின்னுது. அதும் இப்ப யோசிச்சித்தான் தின்னுது."

"ஓம் மாமி."

"மேல கரி. உள்ளுக்கு வேகல்ல. உப்பு ஒரு நாளைக்கி இரிக்கி, ஒரு நாளைக்கி இல்ல. அண்டைக்கி ஒரு நாள் என்ட பல்லு ஆடிட்டு. அல்லாஹ்தான் காப்பாத்தின."

சொல்லிவிட்டு நின்றார். எல்லோரும் என் சேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனுசன் சுட்ட பாணை இவ்வளவு கேவலமாகச் சொல்ல, அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை. நான் எழும்பி என் கதிரையை இழுத்து மாமிக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் முதலில் அண்ணனைப் பார்த்தார், பிறகு கதிரையைப் பார்த்தார், பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மழையோட மழையா அந்தப் பாண்காரனப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்களே மாமி" என்றேன். "நாளைக்கி அது வேணாம். புட்டும் வேணாம். காலத்தால எழும்பாமப் படுங்க. நான் பாக்கிறன்."

"என்னத்த பாக்கிற. பாணா?"

"ஓம்."

பெரிய மாமா வாயில் ஒட்டியிருந்ததை நாக்கால் தேடிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் மாமி. "சுபஹ் தொழுதிட்டு நான் படுப்பன். பாண் நல்லா வந்தா என்ன எழுப்புங்க. நல்லா வராட்டி எழுப்ப வேணாம் மகன், படுத்திரிக்கிறன்."

மறுநாள் வழக்கத்தை விடக் கவனமாகச் செய்தேன். உப்பை இரண்டு முறை ருசி பார்த்தேன். தேத்தண்ணிக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, ஒவனுக்கு முன்னால் குந்திக்கொண்டு அதன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாண் நல்ல நிறத்தில் எழும்பி வந்தது. வெளியே எடுத்து ஆறவைத்து வெட்டினேன். நடுவில் மா பச்சையாக இருந்தது. மனைவி வந்து பார்த்தாள். "வேகல்ல" என்றாள். மகளும் வந்து பார்த்து, "வேகல்ல வாப்பா" என்றாள். இருவரும் தயிரும் வாழைப்பழமும் தின்றுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கேற்றைத் தாண்டிப் போனார்கள்.

நான் மாமியை எழுப்பவில்லை. வெயில் கட்டிலுக்கு ஏறும் வரை மாமி தூங்கினார்.